நாற்பத்தொன்று ஏ வராத காலைகள்

நாற்பத்தொன்று ஏ வராத இரண்டாயிரத்து அறுநூற்று நான்காவது காலையில், பூவலூரணி பஸ் நிறுத்தத்துச் சுவருக்கு முன்னால் எப்போதும்போல நின்று, கையை நீட்டித் தன்னையும் சுவரையும் சேர்த்துப் படம் பிடித்த சங்கரவடிவிடம், இனி உள்ளே இடமில்லை என்று போன் சொல்லிவிட்டது. தங்கச்சி மகன் காதுகுத்தில் எடுத்த படங்களில் இரண்டை அழித்துவிட்டு அன்றைய படத்தை உள்ளே தள்ளினாள். பிறகு வழக்கம்போல வயர்கூடையைத் தோளில் மாட்டிக்கொண்டு, உலகம்மா மதினியோடு மெயின் ரோட்டுக்கு நாலு கிலோமீட்டர் நடக்க ஆரம்பித்தாள்.

பஸ்ஸே விடவில்லை என்று சொல்ல முடியாது. டெப்போவின் பதிவேட்டில் நாற்பத்தொன்று ஏ ஒன்பது வருஷமாகத் தினமும் காலை ஏழு நாற்பதுக்குப் பூவலூரணிக்கு வந்தது, ஏழெட்டுப் பேரை ஏற்றியது, திரும்பிப் போனது. ஒரு மழைக்காலத்தில் டயர் பஞ்சராகிக்கூட நின்றிருக்கிறது. அதைப் பார்த்தவர்தான் ஊரின் அறுபது வீட்டிலும் யாரும் இல்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் சங்கரவடிவு மனுவோடு போனபோது, நல்ல மனிதரான ஓர் அதிகாரி அவளை உட்காரச் சொல்லி வழி சொன்னார். வராத பஸ்ஸைப் படம் எடுக்க வேண்டும். படத்தில் புகார் கொடுத்தவர் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் காத்திருந்தார் என்பதற்கு என்ன அத்தாட்சி. போனில் விழுகிற தேதியை யாரும் மாற்றலாம், ஆனால் சுவரில் ஒட்டியிருக்கிற போஸ்டரை மாற்ற முடியாது. ஆகவே பின்னால் போஸ்டர் தெரிய வேண்டும். கோயில் கொடை, பூப்புனித நீராட்டு, கண்ணீர் அஞ்சலி, கபடிப் போட்டி என்று தேதி போட்ட ஏதாவது ஒரு தாள் அந்தச் சுவரில் எப்போதும் இருந்தது. அவரும் மாற்றலாகிப் போனார், அவருக்குப் பின் நாலு பேர் வந்து போனார்கள். சங்கரவடிவு மட்டும் படம் எடுப்பதை நிறுத்தவில்லை.

இப்போது அடுத்த மாதம் இருபத்தேழாம் தேதி விசாரணை என்று கடிதம் வந்திருந்தது. பஸ் வரவில்லை என்று நிரூபிக்காவிட்டால் அது ஓடுவதாகவே முடிவு செய்யப்படும், அதன்பின் மனு ஏற்கப்படாது என்று கடைசி வரியில் எழுதியிருந்தது. ராசமங்கலத்தில் நோட்டுப் புத்தகம் தைக்கும் பட்டறையில் அவளுக்குப் பசை காய்ச்சும் வேலை. ஒன்பதேகாலுக்கு அடுப்பு எரிய வேண்டும். முழங்காலைப் பார்த்த டாக்டர், நடையைக் குறையுங்கள், இல்லை வேலையை விடுங்கள் என்று இரண்டில் ஒன்றைக் கேட்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ராசமங்கலம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் இருக்கும் பொன்னுலிங்கம் அண்ணாச்சியின் பிரவுசிங் சென்டருக்குப் போனாள்.

"எத்தனை படம்?" என்றார் பொன்னுலிங்கம்.

"ரெண்டாயிரத்து அறுநூத்தி நாலு."

"அத்தனையிலயும் பஸ் வரலையா?"

"வந்திருந்தா ஏறிருப்பேன்லா அண்ணாச்சி. எதுக்குப் படம் எடுக்கேன்."

இணையத்தில் இலவசமாகக் கோப்பு வைத்துக்கொள்ளும் இடங்கள் எல்லாவற்றிலும் அடிபட்டவர் பொன்னுலிங்கம். ஒன்று தாராளமாக இடம் கொடுத்து, ஊரே குடியேறிய பிறகு, அளவுக்கு மேல் இருப்பதை வெள்ளிக்கிழமைக்குள் காலி செய் என்றது. இன்னொன்றை ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது போய்த் தலையைக் காட்டி விசாரிக்க வேண்டும், விசாரிக்காவிட்டால் சம்பந்தியம்மாளைப் போலக் கோபித்துக்கொண்டு எல்லாவற்றையும் தெருவில் எறிந்துவிடும். மூன்றாவது நன்றி வணக்கம் என்று ஒரு கடிதம் அனுப்பிவிட்டுக் கடையையே மூடியது. அதில் அவருடைய கல்யாணப் படங்கள் இருந்தன.

"இப்பம் எல்லாருக்கும் நான் கழுதையத்தான் சொல்லுதேன்" என்றார்.

கழுதை இந்த வேலைக்கு வந்து அப்போது நாலு மாதம் ஆகியிருந்தது. சாலை தோண்டியவர்கள் கேபிளை வெட்டிவிட்ட ஒரு செவ்வாய்க்கிழமை, பாதியில் நின்றுபோன பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் ஒன்று, பஸ் ஸ்டாண்டுக் கழுதை கடை வாசலில் வந்து நின்று காதை ஆட்டியதும் மளமளவென்று ஏறி முடிந்தது. எங்கே போனது என்று தேடியபோது அது கழுதையில் இருந்தது. அன்று சாயங்காலத்துக்குள் ஊரில் எல்லார் போனிலும், எங்கே சேமிக்க என்று கேட்கும் பட்டியலில், பெரிய கம்பெனிகளின் பெயர்களுக்குக் கீழே, கழுதை, இலவசம் என்று ஒரு வரி சேர்ந்துவிட்டது. கழுதையின் நெற்றியில் போனை வைத்தால் உள்ளே வாங்கிக்கொள்ளும். திரும்ப வேண்டுமென்றால் பத்தடிக்குள் நின்று அதன் காதில் ரகசியச் சொல்லைச் சொல்ல வேண்டும். எத்தனை படம் வேண்டுமானாலும் திரையில் காட்டும், ஆனால் கையில் திருப்பிக் கொடுப்பது நாளுக்குப் பத்துதான்.

ராசமங்கலம் இதைப் பற்றி அதிகம் பேசவில்லை, வரிசையில் நிற்பதைப் பற்றித்தான் பேசியது. கழுதை காலையில் காய்கறிச் சந்தையிலும் மதியம் தாலுகா ஆபீஸ் பின்பக்கத்திலும் நின்றதால், பத்திர எழுத்தர்கள் தங்கள் மேசைகளைப் பின்பக்கத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். ரகசியச் சொல்லாக எல்லோரும் மறக்கக் கூடாது என்று தங்கள் குலதெய்வத்தின் பெயரையே வைத்தார்கள். ஒரே சாமியைக் கும்பிடுகிற பங்காளி வீடுகள் முப்பதும் ஒருவர் கோப்பை ஒருவர் திறந்தன. இருபது வருஷமாகப் பேசாதிருந்த இரண்டு அண்ணன் தம்பிகள், இரண்டு பேருக்கும் ஒரே இடத்தில் மூட்டு வலி என்று ஸ்கேன் படத்தில் கண்டு பேச ஆரம்பித்தார்கள். பேசிக்கொண்டிருந்த வேறு இரண்டு பேர் பேச்சை நிறுத்தினார்கள். கணக்கு சரியாகப் போயிற்று என்று ஊர் அதை விட்டுவிட்டது.

கழுதைக்கு வந்த பவுசைப் பார்த்து மற்றவையும் பட்டியலில் ஏறின. பொன்னுலிங்கம் ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"கோழி இருக்கு. ஒரு கோழி தாங்காது, ஒரு வீடியோவ பதினோரு கோழியா பிரிச்சு வைக்கும். ஒரு கோழி குழம்புக்குப் போச்சுன்னு வையி, கதை கந்தல். நம்ம தையக்கடை நெல்லையப்பன் கல்யாணத்துல தாலி கட்டுற இடம் மட்டும் இல்ல. கெட்டிமேளம் கேக்கும், ஆளக் காணும்."

"எருமை?"

"கொள்ளளவு அதிகம். ஆனா பால்ல கசியுது. டீக்கடையில ஒரு வாய் குடிச்சவன், தலையாரி வீட்டு மாடிக்கு எங்க கக்கூஸ் வருதுன்னு சொல்லிட்டான். கறிக்கடை ஆடு எல்லாத்தையும் வாங்கி வச்சுக்கிடும், தீபாவளிக்கு முந்தின நாள் சேவை நிறுத்தம், முன்னறிவிப்பு கிடையாது. கோயில் காளை எவ்வளவும் கொள்ளும், அத தெறக்க அறங்காவலர் அஞ்சு பேரும் கையெழுத்துப் போடணும். அஞ்சு பேரும் ஒண்ணாச் சேந்து நின்னு நீ பாத்துருக்கியா?"

சங்கரவடிவு பார்த்ததில்லை.

"ஒரு பொருள எங்கயாவது வைக்கணும்னா மூணு கேள்வி கேக்கணும். எவ்வளவு கொள்ளும், கேட்ட அன்னைக்குத் தருமா, அடுத்தவன் பாப்பானா. மூணுலயும் கழுதைதான் பாஸ்."

"நாலாவது ஒண்ணு இருக்கு அண்ணாச்சி" என்றாள் சங்கரவடிவு. "இலவசம்னா, அது எதைத் தின்னு உசிரோட இருக்கு?"

பொன்னுலிங்கம் இதை யோசித்ததில்லை. இருவரும் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். எதிர்ச் சுவரில் ஒரு ஜவுளிக்கடையின் ஆடித் தள்ளுபடிப் போஸ்டரைக் கழுதை மேல் மூலையிலிருந்து கிழித்து, அவசரமில்லாமல் மென்றுகொண்டிருந்தது. அடுத்து ஒரு காதணி விழா, அதற்கடுத்து ஒரு பிறந்தநாள் வாழ்த்து. பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலந்த பசையில் ஒட்டியதை மோந்து பார்த்து விலகியது. வெறும் மைதாப் பசையில் ஒட்டியதை நக்கித் தின்றது. பசையைப் பற்றித் தெரிந்த சங்கரவடிவுக்கு அதன் நாக்கின் மேல் மரியாதை வந்தது.

"விளம்பரத்தைத் தின்னு பொழைக்குது" என்றார் பொன்னுலிங்கம். "நமக்கு என்ன நட்டம். இந்த ஊர்ல போஸ்டருக்குப் பஞ்சமா?"

அவள் போனைக் கழுதையின் நெற்றியில் வைத்தாள். ஒன்பது வருஷமும் ஒரு டீ ஆறுகிற நேரத்தில் உள்ளே போய்விட்டன. குலதெய்வத்தின் பெயரை வைக்காமல், ஊரே மறந்துபோன ஒரு பெயரை அதன் காதில் சொன்னாள்: நாற்பத்தொன்று ஏ.

"எதுக்கும் இன்னொரு இடத்துலயும் வச்சுக்கம்மா. ஒண்ணுக்கு ரெண்டா இருக்கட்டும்" என்று பொன்னுலிங்கம் உள்ளேயிருந்து சொன்னார். எல்லோரிடமும் அவர் சொல்வதுதான். எல்லோரையும் போல அவளும் தலையாட்டிவிட்டு, போனில் இருந்ததை அழித்தாள்.

அடுத்த வாரம் உள்ளாட்சித் தேர்தல் அறிவித்தார்கள். நடத்தை விதி அமலுக்கு வந்து, வெள்ளை யூனிபார்ம் போட்ட ஆட்கள் ஏணியோடும் வாளியோடும் புறப்பட்டு, ராசமங்கலத்தின் சுவர்களையெல்லாம் சுரண்டி வெள்ளையடித்தார்கள். எந்தத் தாளையும் எங்கும் ஒட்டக் கூடாது, இறந்தவர்களின் படத்தைக்கூட வீட்டுக்குள் மாட்டி அழுதுகொள்ள வேண்டும் என்று உத்தரவு. முதல் நாள் ஊர் பளிச்சென்று இருப்பதாக எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். மூன்றாம் நாள் கழுதையின் விலா எலும்பு தெரிந்தது.

அதற்குப் புல் போட்டார்கள், தொடவில்லை. தவிடு வைத்தார்கள். பழைய செய்தித்தாளைச் சங்கரவடிவு தன் கையால் காய்ச்சிய பசையில் தோய்த்துக் கொடுத்தாள்; பசையை மட்டும் நக்கிவிட்டுத் தாளை மூக்கால் தள்ளியது. யாராவது யாரையாவது அழைப்பதோ வாழ்த்துவதோ புகழ்வதோ இல்லாத தாள் அதற்குச் செரிக்கவில்லை. ஒட்டினால் வழக்கு வரும் என்பதால் தெருவாசிகள் போஸ்டரை ஒட்டாமல் ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்துக்கொண்டு நிற்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. அப்படிப் பத்திர எழுத்தர்கள் இரண்டு பேர் ஒரு பழைய பட்டமளிப்பு வாழ்த்தைப் பிடித்துக்கொண்டு தாலுகா ஆபீஸ் பின்னால் அரைமணி நேரம் நின்றார்கள். சுவர் இல்லாத போஸ்டரைக் கழுதை நம்பவில்லை. ஊர் கவலைப்பட்டது. பத்திரம், ஜாதகம், ஸ்கேன், கல்யாணம், எல்லாம் அதற்குள்தான் இருந்தன, கழுதையோ பாலிடெக்னிக் சுவரில் சாய்ந்துகொண்டு நின்றது.

பிறகு, விசாரணைக்கு நாலு நாள் இருக்கும்போது, கழுதை திடீரென்று தேறியது. வயிறு உருண்டது, ரோமம் மினுங்கியது, மதியத்தில் ஒருமுறை உற்சாகமாகக் கத்தவும் செய்தது. எங்கோ ஒரு சுவர் தப்பியிருக்கும் என்று ஊர் நினைத்தது. நல்லதாயிற்று என்று சங்கரவடிவும் நினைத்தாள்.

பத்தடிக்குள் நின்றால்தான் காட்டும் என்பதால் கழுதையையும் விசாரணைக்குக் கூட்டிப் போக வேண்டியிருந்தது. விசாரணை நடக்கும் கலெக்டர் ஆபீஸ் ராசமங்கலத்திலிருந்து பதினெட்டுக் கிலோமீட்டர். எந்த பஸ்ஸும் கழுதையை ஏற்றவில்லை. முந்தின நாள் மதியமே சங்கரவடிவும் உலகம்மா மதினியும் அதை நடத்திக்கொண்டு கிளம்பினார்கள்.

"பஸ் வேணும்னு கேக்கதுக்கு நடந்தே போற கூட்டம் நாமதான்" என்றாள் உலகம்மா. "திரும்பி வரும்போது ஓன் மேலயே ஏறி வாறேன் பாரு" என்று கழுதையிடம் சொன்னாள். அது காதை மட்டும் திருப்பியது. அன்றிரவு உலகம்மாவின் மகள் வீட்டில் தங்கினார்கள். மாப்பிள்ளை கழுதையின் நெற்றியில் தன் போனை வைத்துப் பார்த்துவிட்டு, நல்ல சாமான் என்றார்.

விசாரணை அறை தரைத் தளத்தில் இருந்தது. கழுதையைச் சன்னலுக்கு வெளியே நிறுத்தினார்கள், அது தலையை மட்டும் உள்ளே நீட்டியது. விசாரணை அதிகாரி கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டியிருந்த ஓர் அம்மாள். எதிரில் டெப்போவின் கிளை மேலாளர், ஒன்பது வருஷப் பதிவேடுகளை அட்டைப் பெட்டியில் கட்டி எடுத்து வந்திருந்தார்.

"ஆதாரம்?" என்றார் அதிகாரி.

"அதுல இருக்கும்மா" என்று சங்கரவடிவு சன்னலைக் காட்டினாள். அதிகாரி சன்னலைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். கழுதையில் வைத்த ஆதாரம் அந்த மாதம் அவருக்கு இது மூன்றாவது.

சங்கரவடிவு காதில் பெயரைச் சொன்னாள். சுவரில் மாட்டியிருந்த பெரிய திரையில் முதல் படம் வந்தது. பூவலூரணி நிறுத்தம், சுவர், அவள். சுவர் வெறுமையாக இருந்தது. ஆணி இருந்தது, பசைத் தடம் இருந்தது, போஸ்டர் இல்லை. அடுத்த படத்திலும் இல்லை. நூறாவது படத்திலும் இல்லை. கொடைகளும் அஞ்சலிகளும் கபடிப் போட்டிகளும் ஒன்பது வருஷச் சுவரிலிருந்து சுத்தமாகக் காணாமல் போயிருந்தன, சில இடங்களில் ஓரத்தில் பல் பட்ட அடையாளத்தோடு.

சங்கரவடிவு சன்னலைப் பார்த்தாள். உருண்ட வயிறு வெளியே இருந்ததால் தெரியவில்லை. முகம் தெரிந்தது. அது வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

"நாசமாப் போற மூதி" என்றாள் உலகம்மா, தாழ்ந்த குரலில். "ஊர்ச் சுவத்துல இல்லைன்னதும் உள்ள இருந்ததத் தின்னுருக்கு."

கிளை மேலாளர் எழுந்தார். "மேடம், பாத்தீங்கன்னா, இதுல தேதிக்கு அத்தாட்சியே கிடையாது. ஒரே நாள்ல எடுத்த படம். ஒரே சுவரு, ஒரே பொம்பளை. ஒரு நாள் பஸ் பத்து நிமிஷம் லேட்டா வந்திருக்கும், அந்தப் பத்து நிமிஷத்துல கிளிக் கிளிக்குன்னு எடுத்துத் தள்ளியிருக்காங்க."

அதிகாரி சங்கரவடிவைப் பார்த்தார். "நீங்க என்ன சொல்றீங்க?"

அவள் மறுபடியும் சன்னலைப் பார்த்தாள். முழங்காலைக் கையால் அழுத்திக்கொண்டு நின்றாள். கேட்ட அன்றைக்குக் கழுதை தந்துவிட்டது, ஒன்றைக்கூடத் தொலைக்கவில்லை, யாருக்கும் காட்டவில்லை. மூன்று கேள்விக்கும் அது சரியாகத்தான் இருந்தது.

"மீதியையும் பாத்து முடிச்சுரலாம்" என்றார் அதிகாரி. சட்டத்தில் அப்படி இருந்தது. ரெண்டாயிரத்துச் சொச்சம் படத்தை ஒவ்வொன்றாகத் தட்டச் சலித்த குமாஸ்தா, அம்புக்குறி போட்ட பொத்தானில் விரலை வைத்து எடுக்காமல் அழுத்தினான்.

படங்கள் ஓட ஆரம்பித்தன. சுவர் அசையவில்லை. போஸ்டர்கள் இருந்திருந்தால் கண் அவற்றின் மேல்தான் போயிருக்கும்; இப்போது பார்ப்பதற்கு அவள் ஒருத்திதான் இருந்தாள். அடர்ந்த பின்னல் ஒன்று தோளில் கிடந்தது, மெலிந்தது, கொண்டையாயிற்று. மஞ்சள் வயர்கூடை பச்சையாகி, பச்சையும் வெளுத்துக் காது பிய்ந்து கயிற்றில் நின்றது. மாசமாக இருந்தாள், சேலை முந்தி உயர்ந்தது, தாழ்ந்தது, கொஞ்சகாலம் கண் வீங்கியே இருந்தது, குழந்தை எந்தப் படத்திலும் வரவில்லை. மூக்கில் கண்ணாடி வந்து உட்கார்ந்தது. வலது பக்கம் சாய்ந்து நிற்க ஆரம்பித்தாள், சாய்வு கூடிக்கொண்டே போனது. வகிட்டில் ஒரு வெள்ளை முடி, பிறகு ஒரு கோடு. படம் எடுக்க நீட்டிய கை மட்டும் கடைசி வரை அதே உயரத்தில் இருந்தது.

கடைசிப் படத்தில் திரை நின்றது.

"இது ஒரே நாளா?" என்றார் அதிகாரி.

மேலாளர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் போய், படத்தின் இடது ஓரத்தை, சாலை வளைகிற இடத்தை, கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"என்ன சார் தேடுறீங்க?"

"பஸ்ஸை, மேடம்" என்றார் அவர்.

அதிகாரி எழுதத் தொடங்கினார். எழுதி முடிக்கும்வரை சங்கரவடிவு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பது வருஷமும் எடுத்தாளே தவிர, ஒருநாளும் அவள் அவற்றைப் பார்த்ததில்லை. எடுத்ததும் கூடையைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது.

"தம்பி, மொதப் படத்த ஒருக்கப் போடுதீங்களா" என்று குமாஸ்தாவிடம் கேட்டாள். போட்டான். பின்னல் தோளில் கிடக்க, பஸ் எப்படியும் வந்துவிடும் என்பதுபோல ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாத்தான் இருந்துருக்க" என்றாள் உலகம்மா.

தேர்தல் முடிந்து, வென்றவர்களும் தோற்றவர்களும் நன்றி தெரிவித்துச் சுவர்களை நிரப்பிய வாரம், கழுதை வெளிச் சாப்பாட்டுக்குத் திரும்பியது. ஊரும் பழையபடி கழுதையிலேயே சேமித்தது. கொஞ்ச நாளைக்கு எல்லோரும் இன்னொரு இடத்திலும் வைத்தார்கள், பிறகு மறந்துவிட்டார்கள். தங்கள் கல்யாணப் படங்களில் வரவேற்புத் தட்டிகளைக் காணோம் என்று சிலர் சொன்னார்கள். அதனால் என்ன, யார் கல்யாணம் என்று நமக்குத் தெரியாதா என்று மற்றவர்கள் கேட்டார்கள்.

அடுத்து வந்த திங்கட்கிழமை ஏழு நாற்பதுக்குச் சங்கரவடிவு சுவருக்கு முன்னால் போய் நின்று, பழக்கத்தில் கையை நீட்டினாள். போனின் சின்னத் திரையில் அவள் தோளுக்குப் பின்னால், சாலை வளைகிற இடத்தில், நாற்பத்தொன்று ஏ வந்துகொண்டிருந்தது. அதன் பின்புறத்தில் ஒட்டியிருந்த நகைக்கடை விளம்பரத்தின் ஒரு முனையை மென்றபடி, பஸ்ஸின் வேகத்துக்கு ஈடாகக் கழுதையும் ஓடி வந்தது.

"ஏறுதீங்களா, படம் எடுக்கீங்களா?" என்றார் கண்டக்டர்.

உலகம்மா ஏற்கெனவே ஏறிச் சன்னலோரத்தைப் பிடித்துவிட்டாள். சங்கரவடிவின் விரல் பட்டுப் படம் விழுந்தது. எங்கே சேமிக்க என்று போன் கேட்டது, பெயர்களை வரிசையாகக் காட்டியது. அவள் அதைக் கூடைக்குள் போட்டுவிட்டு, கம்பியைப் பிடித்து, முதலில் நல்ல காலையும் பிறகு வலிக்கிற காலையும் படியில் வைத்து ஏறினாள்.